பழைய பேப்பருக்குப் போன புத்தகம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் சைட்டில் இருந்தேன். ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. படித்த பாடத்தில் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதுங்கள், ஆனால் தயவுசெய்து போரடிக்காமல் எழுதுங்கள் என்று நண்பர் கேட்டுக்கொண்டது மட்டும் புரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஹாஸ்டல் மெஸ் சாம்பார் பற்றியும், கல்ச்சுரல்ஸில் மைக் செட் காலை வாரிய கதை பற்றியும் எழுத என்னைவிடத் திறமையான நண்பர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் இல்லை. ஜெர்மன்காரர். அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு கணக்குப் பேப்பரில் நம்மில் பாதிப் பேருக்கு அரியர் விழக் காரணமானவர் அவர்தான். அரியர் வைத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

அவர் பெயர் ஹெர்மன் கிராஸ்மன். நேரியல் இயற்கணிதம் என்று தமிழிலும், லீனியர் அல்ஜிப்ரா என்று நாம் வகுப்பிலும் சொல்லுகிற பாடத்துக்கு அஸ்திவாரம் போட்டவர். ஒன்றையொன்று சாராத வெக்டர்கள், பேசிஸ், பரிமாணம் என்று பரீட்சைக்கு முதல் நாள் இரவு நாம் உருப்போட்ட அத்தனையும் அவர் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்துக்கு நேர்ந்த கதியைத்தான் மேலே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூட வாத்தியார் வீடு

பால்டிக் கடலுக்குப் பக்கத்தில், ஓடர் நதிக்கரையில் ஸ்டெட்டின் என்று ஒரு துறைமுக ஊர். அன்று அது பிரஷ்யாவில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது, பெயரும் ஷ்செச்சின் என்று மாறிவிட்டது. அந்த ஊரில் 1809 ஏப்ரல் 15 அன்று கிராஸ்மன் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் மூன்றாமவர். அப்பா யுஸ்டஸ் கிராஸ்மன் ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தவர், சொந்தமாகப் பாடநூல்களும் எழுதியவர்.

சின்ன வயதில் பையன் மந்தம். எதிலும் மனசு நிற்காது, சொன்னது தங்காது. இவன் தோட்டக்காரனாகவோ கைத்தொழில் செய்பவனாகவோ ஆனால்கூட எனக்கு வருத்தமில்லை என்று அப்பாவே மனதைத் தேற்றிக்கொண்டாராம். நம் வீடுகளில் இப்படிப் பேச்சு வாங்காதவர்கள் எத்தனை பேர்?

1827இல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே படித்தது சமய இயலும் பழைய மொழிகளும். பல்கலைக்கழகத்தில் கணித வகுப்பு ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. இதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை, இன்னொரு புத்தகத்தில் சரிபார்த்தேன். அவர் கணக்குக் கற்றதெல்லாம் வீட்டில் அப்பாவின் புத்தகங்களை வைத்துக்கொண்டும், தானாக உட்கார்ந்து யோசித்தும்தான்.

1830இல் ஊர் திரும்பினார். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார். கீழ் வகுப்புகளுக்கு மட்டும் பாடம் நடத்தலாம் என்று முடிவு வந்தது. 1834இல் பெர்லினில் ஒரு தொழிற்பள்ளியில் ஒரு வருடம் வேலை பார்த்தார். வடிவியலில் புகழ்பெற்ற யாக்கோப் ஸ்டைனர் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் காலியான இடம் அது. பிறகு மறுபடியும் ஸ்டெட்டின். அதற்கப்புறம் சாகிறவரை அந்த ஊர்தான், பள்ளிக்கூட வேலைதான்.

கடல் அலையில் பிறந்த கணக்கு

மேல் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க வேண்டுமானால் இன்னொரு தேர்வு பாஸ் செய்ய வேண்டும். அதற்காக 1839-40இல் அவர் கொடுத்த கட்டுரை கடல் ஏற்றவற்றம் பற்றியது.  இவர் இருநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். சந்திரனும் சூரியனும் கடலை இழுக்கிற கணக்கைப் பழைய முறையில் போட்டால் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் ஓடும். அதைச் சுருக்கத் தானே ஒரு புது முறை கண்டுபிடித்தார். நாம் இன்று வெக்டர் என்று சொல்லுகிற அளவுகளை நேரடியாகக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது என்பதுதான் அந்த முறை.

அதன் வித்து மிகவும் எளிமையானது. அ என்ற இடத்திலிருந்து ஆ என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து இ என்ற இடத்துக்குப் போனால், மொத்தத்தில் அ-விலிருந்து இ-க்குப் போனதாகக் கணக்கு. மூன்று இடமும் ஒரே கோட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அடுத்தது பெருக்கல். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு வருகிறது என்று அப்பாவின் நூலில் படித்திருந்தார். மகன் ஒரு படி மேலே போனார். ஒரு வெக்டரை இன்னொரு வெக்டர் வழியாக நகர்த்தினால் ஓர் இணைகரம் கிடைக்கும், அதையே அந்த இரண்டின் பெருக்கற்பலன் என்று வைத்துக்கொள்வோம் என்றார்.

இப்போது கவனியுங்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் இணைகரம் நசுங்கிக் கோடாகிவிடும், பரப்பு பூஜ்யம். மூன்று வெக்டர்களை எடுத்துப் பெருக்கினால் ஒரு பெட்டி கிடைக்கும். மூன்றும் ஒரே தளத்தில் படுத்திருந்தால் பெட்டியும் நசுங்கிவிடும், கன அளவு பூஜ்யம். ஆகப் பெருக்கற்பலன் பூஜ்யமா இல்லையா என்று பார்த்தாலே, கையில் இருக்கிற வெக்டர்கள் ஒன்றையொன்று சார்ந்தவையா சாராதவையா என்று தெரிந்துவிடும். நாம் டிட்டர்மினன்ட் போட்டுப் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்தோமே, அதன் உள்ளர்த்தம் இதுதான். எனக்கு இது புரிந்தது பரீட்சை எழுதி ஏழு வருடம் கழித்து!

தேர்வில் அவர் பாஸ். ஆனால் அந்த இருநூறு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருத்தியவர் கவனிக்கவில்லை. அந்தக் கட்டுரை அச்சில் வந்தது 1911இல். அப்போது அவர் இறந்து முப்பத்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

யாரும் வாங்காத நூல்

தன் முறையை முழுதாக விரித்து 1844இல் ஒரு நூலாக வெளியிட்டார். விரிவுக் கோட்பாடு என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அதில் மூன்று பரிமாணத்தோடு அவர் நிற்கவில்லை. நாலு, ஐந்து, எத்தனை பரிமாணம் வேண்டுமானாலும் போகலாம் என்றார். நாம் கண்ணால் பார்க்கிற வெளி என்பது அந்தப் பொதுக் கணக்கின் ஒரு தனி உதாரணம் மட்டுமே என்றார். 1844இல் இப்படி ஒருவர் எழுதினால், அதுவும் ஆரம்பத்தில் பக்கம் பக்கமாகத் தத்துவ முன்னுரை போட்டு எழுதினால், யார் படிப்பார்கள்?

காஸுக்கு ஒரு பிரதி அனுப்பினார். இதுபோல நானும் பல காலமாகச் சிந்தித்து வருகிறேன், இப்போது வேலை அதிகம் என்கிற தோரணையில் பதில் வந்தது. மோபியஸிடம் மதிப்புரை கேட்டார். அவர் மறுத்துவிட்டார். கடைசியில் 1845இல் ஒரு கணிதப் பத்திரிகையில் தன் புத்தகத்துக்குத் தானே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அதுதான் அந்த நூலுக்கு வந்த ஒரே மதிப்புரை.

நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. லைப்னிட்ஸ் கனவு கண்ட வடிவியல் குறியீட்டு முறையை உருவாக்குபவருக்குப் பரிசு என்று லைப்சிக்கில் ஒரு கழகம் போட்டி வைத்தது. கிராஸ்மன் கலந்துகொண்டு 1846இல் பரிசு வாங்கினார். போட்டிக்கு வந்த கட்டுரை அவருடையது ஒன்றே ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

அந்தத் தைரியத்தில் 1847இல் பல்கலைக்கழகப் பதவி கேட்டுப் பிரஷ்ய அமைச்சகத்துக்கு விண்ணப்பித்தார். அமைச்சகம் கும்மர் என்ற பெரிய கணித மேதையிடம் கருத்துக் கேட்டது. சரக்கு நல்ல சரக்கு, ஆனால் சொல்லியிருக்கிற விதம் சரியில்லை என்ற பொருளில் அவர் அறிக்கை கொடுத்தார். விண்ணப்பம் அத்துடன் முடிந்தது. நேர்மையாகச் சொன்னால் கும்மர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த நூல் கடினமான நூல். ஆனால் சரக்கு எவ்வளவு நல்லது என்பதை அளந்து சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

1852இல் அப்பா காலமானார். அப்பா வகித்த அதே வேலை மகனுக்குக் கிடைத்தது, பேராசிரியர் என்ற பட்டத்தோடு. ஆனாலும் அது பள்ளிக்கூடம்தான்.

1862இல் நூலை முழுக்கத் திருத்தி, தத்துவத்தை எல்லாம் எடுத்துவிட்டு, தேற்றம் நிரூபணம் என்று கறாராக மறுபடி எழுதினார். சொந்தச் செலவில் 300 பிரதி போட்டார். அதுவும் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1864இல் முதல் நூலின் பதிப்பாளர், விற்காமல் கிடந்த சுமார் 600 பிரதிகளைப் பழைய காகிதமாகக் கழித்துவிட்டார். பிறகு ஒரு நாள் நூலாசிரியருக்கே கடிதம் போட்டு இதைத் தெரிவித்தார்.

அந்த 1862 நூலில் என்ன இருந்தது?

மாணவத் தம்பி தங்கைகளுக்காக இந்தப் பகுதி. மற்றவர்கள் காபி குடித்துவிட்டு வரலாம்.

கையில் சில வெக்டர்கள் இருக்கின்றன. அவற்றில் உண்மையிலேயே தனித்தனியானவை எவை? மற்றவற்றைக் கூட்டிப் பெருக்கிச் செய்துவிடக் கூடியவை எவை? இதுதான் கேள்வி. உதாரணத்துக்கு ஐந்து எடுத்துக்கொள்வோம்:

முதலாவது (1, 2, 1)
இரண்டாவது (2, 4, 2)
மூன்றாவது (0, 1, 1)
நான்காவது (1, 3, 2)
ஐந்தாவது (0, 0, 1)

வரிசையாக வாருங்கள். முதலாவது பூஜ்யம் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முதலாவதன் இரண்டு மடங்கு, புதிதாக எதுவும் சொல்லவில்லை, தள்ளுங்கள். மூன்றாவது முதலாவதன் மடங்கு இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது? முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டிப் பாருங்கள், அதுவேதான். தள்ளுங்கள். ஐந்தாவதை வைத்திருக்கும் இரண்டிலிருந்து செய்ய முடியாது. வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியது மூன்று.

இப்போது கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்தாவது நிற்கும், நான்காவது நிற்கும், மூன்றாவதும் நிற்கும். இரண்டாவதும் முதலாவதும் போய்விடும். ஆள் மாறிவிட்டது, ஆனால் எண்ணிக்கை மறுபடியும் மூன்றுதான். எந்த வரிசையில் எடுத்தாலும் அது மாறாது. ஏன் மாறாது என்பதை ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கும் மாற்று முறையில் கிராஸ்மன் நிரூபித்தார். அந்த எண்ணிக்கைதான் பரிமாணம். இந்தத் தேற்றத்தை நாம் ஸ்டைனிட்ஸ் என்பவர் பெயரில் படித்தோம். ஸ்டைனிட்ஸ் அதை வெளியிட்டது 1913இல், கிராஸ்மனுக்கு ஐம்பது வருடம் கழித்து.

வெக்டர்கள் நிறைய இருந்தால் இப்படிக் கண்ணால் பார்த்து முடியாது. அவற்றைப் பத்திகளாக நிறுத்தி ஓர் அணி எழுதி, ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எந்தப் பத்திகளில் முன்னணி எண் வந்து நிற்கிறதோ, மூல அணியில் அந்தப் பத்திகளை எடுத்துக்கொண்டால் அவைதான் சாராதவை. பரீட்சையில் பலர் தப்பு செய்யும் இடம் இது. சுருக்கிய அணியின் பத்திகளை எடுக்கக் கூடாது, மூல அணிக்குத் திரும்பிப் போய் எடுக்க வேண்டும். எனக்கு அரியர் விழுந்ததில் இந்தத் தப்புக்கும் பங்கு உண்டு.

ஒன்பது மீட்டர்கள்

இனி என் சொந்தக் கதை, சுருக்கமாக. படித்து முடித்து இரண்டாம் வருடம், ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. ஒரு ஆலைக்குள் ஒன்பது பிரிவுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். எல்லாப் பிரிவிலும் நேரடியாக மீட்டர் வைக்க இடமில்லை. ஆகவே சில மீட்டர்கள் தனிப் பிரிவை அளக்கும், சில பல பிரிவுகளின் கூட்டை அளக்கும். தெரியாத அளவுகள் ஒன்பது, மீட்டர்கள் ஒன்பது, சமன்பாடுகள் ஒன்பது. கணக்கு முடிந்தது என்று நான் மார் தட்டி டிராயிங்கில் கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டிப் பார்த்த அன்று ஒரு பிரிவு லட்சக்கணக்கான கிலோவாட் இழுப்பதாகவும், பக்கத்துப் பிரிவு அதே அளவு மின்சாரத்தைத் திருப்பித் தருவதாகவும் திரையில் வந்தது. ஆலை மேலாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேபிளைச் சந்தேகப்பட்டோம், மீட்டரைச் சந்தேகப்பட்டோம். கேபிள் போட்ட எலக்ட்ரீஷியனை நானே நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். அவர் என் அப்பா வயது. ஒன்றும் பேசாமல் எல்லா இணைப்பையும் திரும்பவும் கழற்றி மாட்டினார். மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் இரவு லாட்ஜ் அறையில் ஒன்பது சமன்பாட்டையும் தாளில் எழுதிச் சுருக்கினேன். எட்டு வரிசை ஒழுங்காக வந்தது. ஒன்பதாவது வரிசை முழுக்கப் பூஜ்யம். உள்ளே வரும் மெயின் லைனில் ஒரு மீட்டர் வைத்திருந்தேன். அதிலிருந்து பிரியும் நாலு கிளைகளிலும் மீட்டர் வைத்திருந்தேன். மெயின் என்பது அந்த நாலின் கூட்டுத்தொகை. அந்த மீட்டர் புதிதாக எதையும் சொல்லவில்லை. மீட்டர் ஒன்பது, ஆனால் செய்தி எட்டுதான். மீட்டர்களின் பெருக்கற்காரணிகள் தசமங்களில் இருந்ததால் கம்ப்யூட்டருக்கு அந்த இடத்தில் சுத்தமான பூஜ்யம் வராமல், பூஜ்யத்துக்கு மிக அருகில் ஒரு துக்கடா எண் வந்திருக்கிறது. அதால் வகுத்தால் லட்சம் வராமல் என்ன வரும்? அந்த ஒரு மீட்டரை வேறு கிளைக்கு மாற்றினோம், எல்லாம் சரியாகிவிட்டது. இணைப்பில் ஒரு தப்பும் இருந்திருக்கவில்லை. மறுநாள் காலை அந்த எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுங்க சார், போதும் என்கிற மாதிரி சிரித்துவிட்டுப் போனார்.

அன்று இரவு அந்தப் பூஜ்ய வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நம் கணக்கு சாரின் குரல் காதில் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் பீரியட். முக்கால்வாசிப் பேர் தூக்கம். கரும்பலகையில் ஒரு அணியைச் சுருக்கி, கடைசி வரிசையில் பூஜ்யங்களைப் போட்டுவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தெரியுமா என்று சார் ஆரம்பித்தார். 600 புத்தகம் பழைய பேப்பருக்குப் போன கதையைச் சொன்னார். நான் கடைசி பெஞ்சில் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பாதிதான் கேட்டேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பிறகு தேடித் தேடி மிச்சத்தைப் படித்தேன்.

வாத்தியாரின் மற்ற முகங்கள்

யாரும் மதிக்கவில்லையே என்று கிராஸ்மன் மூலையில் உட்காரவில்லை. பள்ளியில் பாடம், வீட்டில் பெரிய குடும்பம். 1849இல் திருமணம், பதினோரு குழந்தைகள், அதில் ஏழு பேர்தான் பெரியவர்களாக வளர்ந்தார்கள். இதற்கிடையில் அவர் செய்த வேலைகளைப் பாருங்கள்.

1853இல் நிறக் கலவை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளிகளைக் கலப்பதும் வெக்டர்களைக் கூட்டுவதும் ஒரே கணக்குதான் என்று காட்டினார். நம் கண்ணுக்கு நிறம் என்பது மூன்று பரிமாணம். எந்த நாலு நிற ஒளியை எடுத்தாலும் அவற்றுக்குள் ஒரு சார்பு இருந்தே தீரும். டிவியிலும் செல்போன் திரையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று போதுமானது இதனால்தான். மூன்றும் சாராதவையாகவும் இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வைத்தால் வேலைக்கு ஆகாது. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தாலே மஞ்சள் தெரியும், அந்த மூன்றாவது விளக்கு என் ஒன்பதாவது மீட்டர் மாதிரி தண்டம். நிற அளவியலில் இன்றும் கிராஸ்மன் விதிகள் என்றே பெயர்.

1861இல் பள்ளி மாணவர்களுக்காக ஓர் எண் கணித நூல் எழுதினார். ஒன்றைக் கூட்டுவது என்ற ஒரே செயலிலிருந்து கூட்டல், பெருக்கல் விதிகள் எல்லாவற்றையும் படிப்படியாக வருவித்தார். பிற்பாடு இத்தாலியின் பெயானோ எண்களுக்கு அடிப்படை விதிகள் அமைத்தபோது இந்த நூலைப் பயன்படுத்திக்கொண்டார்.

நம் நாட்டோடு அவருக்கு இருந்த தொடர்பு ஆச்சரியமானது. நாற்பது வயது வாக்கில் சம்ஸ்கிருதம் கற்க ஆரம்பித்தார். 1863இல் ஓர் ஒலி விதியை வெளியிட்டார். வடமொழியில் மூச்சை அழுத்திச் சொல்லும் ஒலிகள் உண்டு, தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. ஒரு சொல்லில் அடுத்தடுத்து இரண்டு மூச்சொலிகள் வந்தால் முன்னது தன் மூச்சை இழந்துவிடும் என்பது விதி. கிரேக்கத்திலும் இதேபோல நடந்திருக்கிறது. நாம் சாதாரணமாகச் சொல்லுகிற பந்தம், புத்தர் ஆகிய சொற்களின் வேர்களிலேயே இது நடந்திருக்கிறது. மொழியியல் மாணவர்கள் இன்றும் இதைக் கிராஸ்மன் விதி என்று படிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இவர் கணக்கு வாத்தியார் என்பது தெரியாது, நமக்கு இவர் மொழி அறிஞர் என்பது தெரியாது.

1873 முதல் 1875 வரை ரிக்வேதத்துக்கு முழு அகராதி ஒன்றை வெளியிட்டார். 1,700க்கும் மேற்பட்ட பத்திகள். எந்தச் சொல் எந்தப் பாடலில் எந்த உருவத்தில் வருகிறது என்ற விவரத்தோடு. 1876, 1877இல் ரிக்வேதம் முழுவதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அந்த அகராதியை வேத ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1876இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, மொழிப் பணிக்காக. கணக்குக்காக எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு நாற்காலிகூடக் கொடுக்கவில்லை.

கடைசிக் காலம்

கணித உலகம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. ஹாங்கல் 1867இல் தன் நூலில் இவர் முறையை எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு இளம் கணிதர்கள் சிலர் படிக்க ஆரம்பித்தார்கள். 1844 நூலுக்கு மறுபதிப்பு வேண்டும் என்று கேட்குமளவுக்கு நிலைமை மாறியது. உடம்பு தளர்ந்திருந்த நிலையில் கிராஸ்மன் மறுபதிப்புக்குப் புது முன்னுரை எழுதிக் கொடுத்தார். புத்தகம் 1878இல் வந்தது. அவர் 1877 செப்டம்பர் 26 அன்றே கண்ணை மூடிவிட்டார்.

பத்து வருடம் கழித்து, 1888இல் பெயானோ இவர் நூலை அடிப்படையாக வைத்து ஒரு புத்தகம் எழுதி, வெக்டர் வெளிக்கு முதல் முறையாகத் தெளிவான வரையறை கொடுத்தார். பிரான்சின் எலி கார்ட்டான் இவருடைய பெருக்கலை எடுத்து நவீன வடிவியலையே வளர்த்தார். 1894 முதல் 1911 வரை இவர் எழுத்துகள் மொத்தமும் தொகுக்கப்பட்டன. பழைய பேப்பருக்குப் போனது கடைசியில் பாடப்புத்தகத்துக்கு வந்து, நம் சிலபஸில் இரண்டாவது யூனிட்டாக உட்கார்ந்தது.

இதை எல்லாம் படித்து முடித்தபோது சாருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பது மீட்டர் கதையைச் சொன்னால் அவர் எப்படிச் சிரிப்பார் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அடுத்த மாதம், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, ரீயூனியனில் நேரில் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சென்ற ரீயூனியனுக்கு வந்தபோது துறை வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் வகுப்பில் தூங்கிய நாங்கள் எட்டுப் பேர் அந்தப் படத்துக்கு முன்னால் சும்மா நின்றோம். ஒவ்வொருவனும் தன் தொழிலில் எங்கோ ஓரிடத்தில் அவர் பாடத்தை உபயோகித்திருக்கிறான். ஒருவனும் அவரிடம் போய்ச் சொன்னதில்லை.

தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அட்வைஸ் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை, அரியர் வைத்தவன் நான். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மதியம் இரண்டு மணி வகுப்பில் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தால், ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டு முழுசாகக் கேளுங்கள். படித்தது எப்போதாவது கை கொடுத்தால், சொல்லிக்கொடுத்தவரிடம் அந்த வாரமே போய்ச் சொல்லிவிடுங்கள். ரீயூனியன் வரை காத்திருக்காதீர்கள்.

இந்த முறை விழாவுக்கு வரும் பழைய மாணவர்கள், முதல் நாள் மாலை கணக்குத் துறைப் பக்கம் ஒரு நடை வாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் வருவதாகச் சங்கத்தில் சொல்கிறார்கள். நான் அங்கேதான் இருப்பேன்.